மூணு ரோல் போச்சு: அப்பாவோட யஷிகா பிழையா, என் கை பிழையா?

தலவாக்கலை டீச்சர்:

வணக்கம், இங்க நான் புதுசு. இலங்கை மலையகத்துல, தலவாக்கலைக்கு மேல ஒரு தோட்டத்துப் பாடசாலையில படிப்பிக்கிறேன்.

எங்க வீட்டு அலுமாரிக்கு மேல அப்பாவோட யஷிகா எலெக்ட்ரோ 35 பிலிம் கமரா ஒண்ணு கிடந்திச்சு, ஜி.எஸ்.என். மொடல். குவைத்துக்குப் போய் வந்த ஒருத்தர்கிட்ட 1984ல வாங்கினேன்னு சொல்றாரு. அக்கா பெரிய பிள்ளையானது, நான் முதலாம் வகுப்புக்குப் போனது, தாத்தாவைக் கட்டில்ல உக்கார வச்சு எடுத்தது, எல்லாம் இதிலதான். 1998க்குப் பிறகு யாரும் தொடல. போன டிசம்பர் லீவுல இறக்கித் தொடச்சு ஷட்டரை அமத்திப் பாத்தேன். 'டிக்'குன்னு ஒரு சத்தம். அதிலதான் நான் விழுந்தேன்.

இதுவரைக்கும் மூணு ரோல்.

முதலாவது கலர், பிலிம் வேகம் 200. சென். கிளையர் அருவி, எங்க நாலாம் வகுப்புப் பிள்ளைங்க, வீட்டுப் பொங்கல். கொழும்புக்கு அனுப்பிக் கழுவினேன். உறைக்கு மேல 'பிளாங்க்'னு பேனாவால எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ள வெறும் செம்மஞ்சள் பட்டி.

ரெண்டாவதும் கலர்தான். இந்தத் தடவை படம் விழுந்திருக்கு. ஆனா எல்லாப் படத்துக்கும் குறுக்கால அடுப்பு நெருப்பு மாதிரி ஒரு சிவப்புக் கீறல். இன்னொண்ணையும் ஒத்துக்கணும். முதல் ரோல் போன பயத்துல, பிலிம் ஓடுதான்னு பாக்கப் பாதியில பின்கதவைத் திறந்துட்டேன். உடனே மூடிட்டேன், சத்தியமா.

மூணாவது கறுப்பு வெள்ளை, 400. நானுஓயாவுல விடியக் காலைப் பனிக்குள்ள எடுத்தது. ஏதோ விழுந்திருக்கு. ஆனா எல்லாமே சாம்பலைக் கரைச்சு ஊத்தின மாதிரி. நெகடிவ்ல தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணி முடிக்கிற காசு எங்க வீட்டு மாசக் கரண்ட் பில்லை விடக் கூட. அப்பா இஸ்தோப்புல (வராந்தாவுல) உக்காந்துக்கிட்டு "நான் எடுத்தப்ப ஒழுங்காத்தானே விழுந்திச்சு"ன்னு ஒரே பாட்டு. இன்னொரு ரோல் வாங்கலாமா, இல்ல திரும்பவும் அலுமாரிக்கு மேலயே வச்சிரலாமா?


மலைக்காத்து:

போன்ல எடுத்து, பழைய பிலிம் மாதிரி காட்டுற ஆப் ஒண்ணைப் போடுங்க டீச்சர். சிவப்புக் கீறல் கூட அதுலயே வரும், இலவசமா. காசைப் பிள்ளைங்களுக்குக் கொப்பி வாங்கக் குடுங்க.


கண்டிப் பொடியன்:

மேல உள்ளவரை விடுங்க அக்கா. ரெண்டு விசயம்.

பெட்டரி பாத்தீங்களா? எலெக்ட்ரோவுக்கு முதல்ல வந்தது 5.6 வோல்ட் மெர்குரி பெட்டரி. அது இப்ப செய்றதில்ல. 4எல்ஆர்44னு ஒரு 6 வோல்ட் பெட்டரி இருக்கு, அது போதும். ஆள் சின்னது, உள்ள ஆடும். அதால சுத்தி அட்டை உருட்டிப் போட்டு, மிச்ச நீளத்துக்கு ஈயத்தாளை மடிச்சு அடைக்கணும். கமராவுக்குப் பின்னால சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அமத்தினா படம் எண்ணுற ஜன்னல்ல பச்சை லைட் எரியணும். எரியலன்னா பெட்டரி இல்ல, இல்லன்னா பெட்டரி தொடுற தகடு துருப்பிடிச்சிருக்கு.

அடுத்தது, பின்கதவு விளிம்புல இருக்கிற கறுப்பு ஸ்பொஞ்ச். நாப்பது வருசத்துல அது தார் மாதிரி ஆயிருக்கும். விரல் வச்சுப் பாருங்க, ஒட்டும்.


பழைய ஸ்டூடியோக்காரன்:

டீச்சர், மூணையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டாதீங்க. அது மூணு வியாதி, மருந்தும் மூணு.

நான் 1976ல பண்டாரவளையில ஒரு ஸ்டூடியோவுல சேர்ந்தவன். அப்ப பதினாறு வயசு. முதல் ரெண்டு வருசம் கூட்டுறது, தண்ணி அள்ளுறது, படம் காயப் போடுறது. கமராவைத் தொடவே விடல. 2009ல கடையை மூடுற வரைக்கும் அங்கதான் இருந்தேன். நீங்க மூணு ரோல்ல பண்ணின பிழை எல்லாத்தையும் நான் சம்பளம் வாங்கிக்கிட்டுப் பண்ணியிருக்கேன்.

முதல் ரோலை எடுத்து ஜன்னலுக்கு நேராப் பிடிங்க. நடுவைப் பாக்க வேணாம், ஓரத்தைப் பாருங்க. பல்லு ஓட்டைக்குப் பக்கத்துல பிலிம் கொம்பனிப் பேரும், 1, 1ஏ, 2, 2ஏ ன்னு நம்பரும் இருக்கா? அது பிலிம் செய்ற இடத்துலயே வெளிச்சம் காட்டி எழுதி விடுறது, கழுவினாத்தான் வெளிய வரும். எழுத்து இருந்து நடு வெறுமையா இருந்தா, கழுவினவன் வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கான், உங்க பிலிம்ல வெளிச்சம் படல. எழுத்தே இல்லன்னா மருந்து செத்த மருந்து. கடைக்காரனோட சண்டைக்குப் போறதுக்கு முன்னால இதைப் பாத்துட்டுப் போங்க. நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னவன், அதால சொல்றேன்.

எழுத்து இருக்கும்னுதான் என் கணிப்பு. பிலிம் நுனி உருளையில மாட்டாம நழுவியிருக்கு. நீங்க இழுக்க இழுக்க நம்பர் மட்டும் ஓடும், பிலிம் டப்பாக்குள்ளயே படுத்துக் கிடக்கும். இதுக்கு ஒரே வழிதான். ரோல் போட்டுக் கதவை மூடினதும் இடது பக்கத்துத் திருப்பிச் சுத்துற பிடியை மெல்லச் சுத்தி இறுக்கி விடுங்க. பிறகு லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பிடி தன்னால சுத்துதான்னு பாருங்க. சுத்தினா உள்ள பிலிம் ஓடுது. சுத்தலன்னா நீங்க காத்தைப் படம் எடுக்கிறீங்க.

இது எனக்கு எப்படிப் புத்தியில ஏறிச்சுன்னு சொல்லிடுறேன். 1986. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல கல்யாணம், மாரியம்மன் கோயில்ல. அதுவரைக்கும் அகலமான 120 பிலிம்லயே பழகின கை, 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு மாறின புதுசு. பொண்ணு அழைப்புல இருந்து பந்தி வரைக்கும் ஓடி ஓடி எடுத்தேன். ரோல்ல உள்ள முப்பத்தாறும் ஆச்சு. லீவர் நிக்கல. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாப்பது. 'இன்னைக்குக் கூடுதலாச் சுத்தி வச்சிருக்கானுக'ன்னு சந்தோசம் எனக்கு! மாப்பிள்ளையோட தம்பியைக் கூப்பிட்டு "நீயும் வந்து நில்லு, பிலிம் நிறைய இருக்கு"ன்னு தனிப்படம் வேற எடுத்துக் குடுத்தேன். கடைக்கு வந்து திருப்பிச் சுத்தினா பிடி ரெண்டு சுத்துல பாரமே இல்லாமச் சுழலுது. வயித்துக்குள்ள ஐஸ் கட்டி விழுந்த மாதிரி.

முதலாளி ஏசல. லாச்சியில இருந்து காசு எடுத்துக் குடுத்து, "மாலை ரெண்டு வாங்கிக்கிட்டுப் போ"ன்னு மட்டும் சொன்னாரு. சம்பளத்துல பிடிச்சாரு, அது வேற கதை. அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். பொண்ணோட அப்பா கணக்கப்பிள்ளை, அவர் கத்தின கத்துல பக்கத்து லயத்து வீட்டுச் சனமெல்லாம் வெளிய வந்திருச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். சொந்தக்காரங்க எல்லாம் ஊர் திரும்பிட்டாங்க, கூட்டத்துக்கு ஆள் வேணுமே! பாட்டி ஒருத்தி மட்டும் "தாலியை ரெண்டு தரம் கட்டுறதா, நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது"ன்னு குறுக்கால உக்காந்துட்டா. கடைசியில தாலி இல்லாத வெறும் மஞ்சக் கயிறை மாப்பிள்ளை பொண்ணு கழுத்துக்குப் பின்னால பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அட்சதை போட்டவங்கள்ல பாதிப் பேர் ஸ்வெட்டரோட. பின் வரிசையில ஒருத்தர் இடுப்புல தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி இருக்கு, கைக்காசுக்குச் செய்ற ஞாயிறு வேலையில இருந்து நேரா வந்த மனுசன். கல்யாணத்தன்னைக்குக் கண்ணு வீங்க அழுத பொண்ணு அன்னைக்குச் சிரிப்பை அடக்க முடியாமத் தவிச்சிச்சு. அந்தக் காலத்துல தோட்டத்துக் கல்யாண ஆல்பத்துல பொண்ணு பல்லுத் தெரியச் சிரிச்சுப் பாத்திருக்கீங்களா? முதலாளி அதுல ஒரு படத்தைப் பெருசாப் போட்டுக் கடைக் கண்ணாடிக்குள்ள வச்சாரு. பல வருசம் அங்கதான் இருந்திச்சு. அதைப் பாத்துட்டு வந்து "அந்த மாதிரிச் சிரிக்க வைக்கணும்"னு கேட்டவங்க உண்டு. எப்படிச் சிரிக்க வச்சேன்னு நான் யாருக்கும் சொல்லல.

ரெண்டாவது ரோலுக்குத் தம்பி சொன்னது சரி, ஸ்பொஞ்ச் செத்துப் போச்சு. கடையில தேடாதீங்க. நம்ம ஊர்ல எந்த வீட்டுலயும் தொப்பி பின்னுற கம்பளி நூல் இருக்கும். நல்ல கறுப்பா எடுங்க. ஈர்க்குச்சி நுனியில பஞ்சு சுத்தி, ஸ்பிரிட்ல தொட்டு, பழைய பிசினைச் சுரண்டி எடுத்துட்டு, அந்தக் காடி முழுக்க நூலைப் பதிச்சு விடுங்க. கீல் பக்கத்துக்கு மட்டும் வெல்வெட் துண்டு. கதவைத் திறந்து பாத்ததுக்கு ரொம்ப அழ வேணாம். எடுத்து முடிஞ்சு வலது பக்கம் சுத்தியிருந்த படங்கள்தான் அடி வாங்கும், அதுலயும் மேல் சுத்துக்குத்தான் கூட. டப்பாக்குள்ள இருந்தது தப்பிச்சிருக்கும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்ச வியாதி. எலெக்ட்ரோவுல பெட்டரி இல்லன்னாலும் ஷட்டர் அடிக்கும், சத்தமும் வரும். ஆனா எப்பவும் ஒரு செக்கன்ல 500ல ஒரு பங்கு நேரம் மட்டும்தான். இப்ப கணக்குப் பாருங்க. நல்ல வெயில்ல 400 பிலிமுக்கு, லென்ஸ் துளை எஃப்/16ல இருந்தா, 500ல ஒண்ணு கிட்டத்தட்டச் சரியான அளவு. அதால வெயில்ல பெட்டரி செத்தது தெரியவே தெரியாது. நானுஓயாப் பனிதான் காட்டிக் குடுத்திருக்கு.

புதுப் பெட்டரி போட்டாலும் பனி ஏமாத்தும். வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் பனியும் ஒண்ணுதான், வெள்ளைச் சுவரும் ஒண்ணுதான். வெளிச்சம் தாராளமா இருக்குன்னு நினைச்சு ஷட்டரைச் சீக்கிரம் மூடிரும், வெள்ளையா வர வேண்டியது சாம்பலா வரும். பனி நாள்ல 400 ரோலுக்கு ஏ.எஸ்.ஏ. (பிலிம் வேக) வட்டத்தை 200ல வைங்க. வெயில் வந்ததும் மறக்காம 400க்குத் திருப்புங்க. மறப்பீங்க. நான் முப்பத்து மூணு வருசமும் மறந்தேன்.

தோல் உறையிலயா வச்சிருந்தாரு அப்பா? அதை வெயில்ல காயப் போட்டுட்டு, கமராவைத் தனியா வைங்க. தோலுக்குள்ள ஈரம் நிக்கும், அதுல பூஞ்சை பிடிச்சு லென்ஸுக்கு ஏறும். உங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஊறும், எங்க ஊவாப் பக்கம் நவம்பர்ல தொடங்கும். ஆளுக்கு ஒரு பருவம்னு கடவுள் பங்கு பிரிச்சு விட்டிருக்காரு. கடையில ஒரு அலுமாரிக்குள்ள 40 வாட் பல்பை எரிய விட்டு வச்சிருப்போம். ஒருக்கா நான் பெரிய மூளைக்காரன் மாதிரி, தேயிலை ஸ்டோர்ல இருந்து சூட்டோட வந்த டஸ்ட் தேயிலையைத் துணியில கட்டிக் கமராப் பெட்டிக்குள்ள வச்சேன். தேயிலை ஈரத்தை இழுக்கும், அது உண்மை. ஆனா துணிக்குள்ள நிக்காது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினா அம்மியில அரைக்கிற சத்தம். ஒரு வருசம் அந்தக் கமரா தேத்தண்ணி மணந்துச்சு.


மலைக்காத்து:

ஐயா, இவ்வளவும் படிச்ச பிறகு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். மச்சான் டுபாயில இருந்து வர்றான், ரெண்டு ரோல் கொண்டு வரச் சொல்லவா?


பழைய ஸ்டூடியோக்காரன்:

சொல்லுங்க. கைப்பையில கொண்டு வரச் சொல்லுங்க. பெரிய பெட்டியில போட்டா, அதுக்குக் காட்டுற எக்ஸ்ரே பலமானது, பிலிம் புகைஞ்சிரும்.


பொகவந்தலாவைக்காரி:

டீச்சர், பின்கதவைத் திறந்ததுக்கு இவ்வளவு வருத்தப்படுறீங்களே, எங்க ஊர் சென். மேரிஸ் தேவாலயத்துக்கு ஒரு நாள் வாங்க. அந்தக் கல்லறைத் தோட்டத்துல உங்களுக்கு ஒரு மூத்த அக்கா இருக்காங்க. ஜூலியா மார்கரட் கமரூன். கமரா வச்சிருந்ததாலதான் அந்தப் பேர் வந்திச்சுன்னு சின்ன வயசுல நான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

1815ல கல்கத்தாவுல பிறந்தவங்க. மகளும் மருமகனும் ஒரு கமரா வாங்கிக் குடுத்தப்ப அவங்களுக்கு வயசு 48. அப்ப பிலிம் கிடையாது. கண்ணாடித் தட்டுல மருந்து பூசி, அது காயுறதுக்கு முன்னால படம் எடுத்து, அந்த ஈரத்தோடயே கழுவணும். அவங்க முதல்முதலா எடுத்த படத்தை அவங்களே மருந்துப் பக்கத்துல கை வச்சுத் தேச்சு, தெரியாத்தனமா அழிச்சிட்டாங்களாம்! பிறகும் விரல் அடையாளம், கீறல், ஃபோகஸ் விட்ட முகம்னு அப்படியே வெளிய விட்டாங்க. அந்தக் காலத்துப் பெரிய போட்டோக்காரங்க பல பேர் 'இது படமா'ன்னு ஏசினாங்க. இன்னைக்கு அந்தப் படங்களைத்தான் மியூசியத்துல வச்சிருக்காங்க.

1875ல புருசனோட இலங்கைக்கு வந்தவங்க, 1879 ஜனவரியில டிக்கோயாவுல காலமானாங்க. அடுத்த வருசம் அவரும் போயிட்டாரு. ரெண்டு பேரும் எங்க ஊர்லதான் அடக்கம். அந்த ரோதனை பிடிச்ச கண்ணாடித் தட்டுகளையும் மருந்துப் போத்தல்களையும் தூக்கிக்கிட்டு இந்த மலைக்கு எப்படித்தான் ஏறினாங்களோ! இங்க எடுத்ததுல மிஞ்சினது கொஞ்சம்தான். அதுல தோட்டத்துச் சனங்களும் இருக்காங்க, பேர் எழுதாம.


கோத்தகிரிப் பேத்தி:

நான் நீலகிரியில இருந்து எழுதுறேன். பாட்டி தாத்தா பதுளைப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து 1978ல இங்க வந்தவங்க. எங்க வீட்டுக் கூடத்துல ஒரு குரூப் போட்டோ இருக்கு. கீழ் மூலையில 'பண்டாரவளை'ன்னு அச்சு அழுத்தியிருக்கு, ஸ்டூடியோ பேர் தேஞ்சு போச்சு. அதுல பாட்டியோட அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு. அவர் வரல, அங்கேயே தங்கிட்டாரு. தங்கச்சி போற துக்கத்துல கண்ணை மூடிக்கிட்டாருன்னு வீட்டுல சொல்வாங்க. ஸ்டூடியோ ஐயா, அந்தக் காலத்துல இன்னொரு படம் எடுக்க மாட்டீங்களா?


பழைய ஸ்டூடியோக்காரன்:

பேத்தி, அது எங்க கடையான்னு சொல்லத் தெரியல. அப்ப டவுன்ல வேற ஸ்டூடியோவும் இருந்திச்சு. ஆனா எங்க கடையா இருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

தோட்டத்துத் தமிழரைப் பத்தி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுக்கிறது, 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கிறதுன்னு எழுதினாங்க. இந்தக் கணக்கெல்லாம் நான் பிறகுதான் வாசிச்சேன். அப்ப எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். 120 பிலிம்ல 12 படம் விழும், குடும்பத்துக்கு ஒரு தரம்தான் அமத்தணும். பாஸ்போட் படம் எடுக்க வருவாங்க, முடிஞ்சதும் தயங்கித் தயங்கி "எல்லாருமா ஒண்ணு"ன்னு கேப்பாங்க. போறவங்களை நடுவுல உக்கார வைப்போம், நிக்கிறவங்க ஓரத்துல நிப்பாங்க. ரெண்டு பிரதி. ஒண்ணு தகரப் பெட்டிக்குள்ள போகும், ஒண்ணு லயத்துச் சுவருக்குப் போகும்.

இன்னொண்ணு எடுக்க மாட்டோமான்னா, கண்ணை மூடினது கழுவின பிறகுதான் தெரியும். அதுக்குள்ள அவங்க தோட்டத்துக்குத் திரும்பியிருப்பாங்க. இந்தியாக் கப்பலுக்குப் போற தலைமன்னார்க் கோச்சிக்கு (ரயிலுக்கு) தேதி விழுந்திருக்கும். அழுகைக் கோச்சின்னு அதுக்குப் பேர், பாட்டி சொல்லியிருப்பாங்க. மழைக்காலத்துல பிரின்ட் காயாது. கரண்ட் இல்லாத நாள்ல கரி அடுப்புக்கு மேல பிடிச்சுக் காய வச்சு, அரை ஈரத்தோட பேப்பர்ல சுத்திக் குடுத்து அனுப்பியிருக்கேன். என் கை அது. அதால சில படத்துல ஓரம் சுருண்டு பழுத்திருக்கும். உங்க வீட்டுப் படம் எப்படி?

இன்னொரு விசயம், சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். கண்ணை மூடினது துக்கத்துல இல்ல பிள்ள. 500 வாட் பல்பு ரெண்டை முகத்துக்கு நேரா வைப்போம். லயத்துக்குள்ள குப்பி லாம்புல இருந்து பழகின கண்ணு, தாங்காது. பத்துக் குடும்பம் எடுத்தா அதுல எப்படியும் யாராவது மூடியிருப்பாங்க. நான் எண்ணி மூணு சொல்லித்தான் அமத்தச் சொல்லுவேன், சரியா மூணுலதான் மூடுவாங்க. இதை வீட்டுல போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.


கோத்தகிரிப் பேத்தி:

சொல்ல மாட்டேன். ஓரம் தெரியல ஐயா, பிரேம் போட்டுட்டாங்க. கழட்டிப் பாக்க அம்மா விடமாட்டாங்க.


தலவாக்கலை டீச்சர்:

மூணு வாரம் காணாமப் போனதுக்கு மன்னிக்கணும், தவணைப் பரீட்சை.

ஐயா சொன்ன மாதிரியே முதல் ரோல் ஓரத்துல எழுத்து இருந்திச்சு. கடைக்காரருக்கு மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டேன். பச்சை லைட் எரியல. ஹட்டன்ல ஒரு மணிக்கூட்டுக் கடையில அந்த 6 வோல்ட் பெட்டரி கிடைச்சிச்சு. ஈயத்தாளுக்கு அப்பா பழைய தேயிலைப் பெட்டி ஒண்ணோட உள்பக்கத்தை உரிச்சுக் குடுத்தாரு. அடைச்சு மூடி அமத்தினா, பச்சை! அப்பா ஒண்ணும் பேசாம எழும்பிப் போய் ரேடியோவைக் கூட்டி வச்சாரு.

கறுப்பு நூல்தான் வீட்டுல இல்ல. நீலம், சிவப்பு, ரோஸ் எல்லாம் இருக்கு. கடைசியில அம்மா, அப்பாவோட கறுப்புக் குல்லாவைப் பிரிச்சிட்டாங்க. அது ஓட்டை விழுந்ததுன்னு அம்மா சொல்றாங்க. விழலன்னு அப்பா சொல்றாரு. இன்னும் முடியல அந்தச் சண்டை.

நாலாவது ரோலைக் கொழும்புக்கு அனுப்பல. இல்ஃபோர்ட் எச்.பி.5 பிலிம், கழுவ டி-76 மருந்து, எல்லாம் வீட்டுலயே. பாடசாலை விஞ்ஞான கூடத்துல இருந்து வெப்பமானி கேட்டு வாங்கினேன். 20 டிகிரியில ஏழரை நிமிசம்னு போட்டிருந்திச்சு. கொழும்புல ஐஸ் போட்டுத் தண்ணியைக் குளிர வைப்பாங்களாம். எங்க பீலித் தண்ணி (குழாயில விழுற ஊத்துத் தண்ணி) காலையில 17 இருந்திச்சு, ஒரு கோப்பை சுடுதண்ணி ஊத்தினேன், சரியா வந்திச்சு. பிலிமை டாங்கிக்குள்ள ஏத்தினது ராத்திரி, லைட் எல்லாம் அணைச்சு, தாத்தாவோட கம்பளியைப் போத்திக்கிட்டு, அதுக்குள்ள கை மட்டும் வேலை செஞ்சு. வேர்த்துப் போச்சு. பெப்ரவரி மாசம், தலவாக்கலையில, எனக்கு வேர்த்திச்சு!

மருந்தை ஊத்தி முடிச்சு பிலிமை இழுத்தேன் பாருங்க. ஈரமா, பளபளன்னு, வரிசையாச் சின்னச் சின்ன ஜன்னல். அதுக்குள்ள எங்க நாலாம் வகுப்புப் பிள்ளைங்க கறுப்பு முகமும் வெள்ளைத் தலையுமா நிக்கிறாங்க. துணி காயப் போடுற கொடியில உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்க விட்டேன். அடுத்த நாள் நெகடிவைக் கொண்டு போய் வகுப்புல காட்டினா, ஒருத்தன் "டீச்சர், நாங்க செத்துட்டமா?"ன்னு கேக்குறான்.

36ல 22 தேறிச்சு. நாலு படம் லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்தது. (இந்தக் கமராவுல பாக்குறது தனி ஜன்னல் வழியா, லென்ஸ் வழியா இல்ல. அதால மூடி இருந்தாலும் தெரியாது. இதையும் ஐயா பண்ணியிருப்பீங்கன்னு நம்புறேன்.) வெயில் வந்ததும் 200ல இருந்து 400க்குத் திருப்ப மறந்தேன், நீங்க சொன்னபடியே.

17ஆவது படம் அம்மா பீலியில குடம் பிடிக்கிறது. மஞ்சள் லைட் எரிஞ்சிச்சு, மெதுவான ஷட்டர்னு தெரியும், இருந்தாலும் அமத்திட்டேன். அம்மா ஆடிப் போய் முகமே இல்ல. தண்ணி மட்டும் வெள்ளை நூல் மாதிரி இறங்குது, குடம் அசையாம அப்படியே நிக்குது. அதைக் கிழிச்சுப் போடச் சொல்லி அம்மா. பிரேம் போடணும்னு அப்பா. மலையாளத்து மந்திரவாதி படம் மாதிரி இருக்குன்னு அக்கா.


பழைய ஸ்டூடியோக்காரன்:

மூடி போட்டு எடுத்தது ஒரு பிறந்தநாள். கேக் வெட்டுறது முழுக்க. அதைப் பத்தி எழுத மாட்டேன்.

17ஐ எனக்கு அனுப்புங்க மகள். நெகடிவைப் பெருசாக்கிப் பிரின்ட் போடுற ஒரு பழைய என்லாஜர் இன்னும் என்கிட்ட இருக்கு. முகம் இல்லாததைப் பத்தி யோசிக்காதீங்க. அந்தக் குடத்தை வச்சே யார்னு தெரியும்.


தலவாக்கலை டீச்சர்:

அனுப்புறேன் ஐயா.

இப்ப ஒரு அவசரம். இன்னைக்குத் தோட்டத்துக் கோயில்ல தேர். அஞ்சாவது ரோல், கலர். இப்ப கோயிலடியில இருந்துதான் எழுதுறேன். நம்பர் 36 தாண்டி 38 காட்டுது. லீவர் இன்னும் இழுபடுது. கூடுதலாச் சுத்தியிருக்காங்களோ?


கண்டிப் பொடியன்:

அய்யோ.


பழைய ஸ்டூடியோக்காரன்:

கதவைத் திறக்காதீங்க. அடியில இருக்கிற பட்டனை அமத்திக்கிட்டு, இடது பிடியை மெல்லத் திருப்பிச் சுத்துங்க. பாரமா இருந்து, ஒரு இடத்துல விடுபட்டா பிலிம் ஓடியிருக்கு, பல்லுத்தான் கிழிஞ்சிருக்கும், இருட்டுல எடுத்துரலாம். முதல் சுத்துலயே பாரம் இல்லாமச் சுழண்டா சொல்லுங்க.

காலையில ரோல் போட்டதும் பிடி சுத்துதான்னு பாத்தீங்களா?


தலவாக்கலை டீச்சர்:

சுழலுது ஐயா.

இந்த ரோலை நான் போடல. அப்பாதான் போட்டாரு. பிடியைப் பாக்கச் சொல்லித்தான் குடுத்தேன். "பாத்தேன், நான் எடுத்தப்ப இதெல்லாம் பாத்தா எடுத்தேன்"னு சொல்றாரு.


பழைய ஸ்டூடியோக்காரன்:

தேர் இன்னும் நிலைக்கு வரலதானே? சட்டைப்பையில புது ரோல் இருந்தா எடுங்க. போனை அப்பாகிட்டக் குடுங்க, நான் பேசுறேன்.